எட்டு வயசு வரைக்கும் அம்மா கூடத்தான் தூக்கம்

போன டிசம்பர்ல கோலாலம்பூர்ல இருந்து போர்னியோ தீவுல இருக்கிற கூச்சிங் போயிருந்தோம், நானும் வீட்டுக்காரம்மாவும் ஆறு வயசு மகளும். போனதே உராங்குட்டான் பாக்கத்தான். டவுன்ல இருந்து இருபது கிலோமீட்டர் தாண்டி செமங்கோன்னு ஒரு காடு, தாயை இழந்த குட்டி, ஆளுங்க வீட்டுல கூண்டுல கிடந்த குட்டின்னு கொண்டு வந்து பழக்கி மறுபடி காட்டுல விட்டுட்டு இருந்த இடம், 1975ல ஆரம்பிச்சது. காலைல ஒன்பதுக்கும் மத்தியானம் மூணுக்கும் மேடைல பழம் வைப்பாங்க, வந்தா பாக்கலாம்.

வரல. ஒண்ணு கூட வரல. ஒரு மணி நேரம் கொசுக்கடி மட்டும்தான் மிச்சம், ஆனா அந்த ரேஞ்சர் மூஞ்சில அப்படி ஒரு சிரிப்பு, காட்டுல பழ சீசனாம், டுரியானே கிடைக்கும்போது இந்த வாழைப்பழத்துக்கு யாரு வருவா, அதுங்க வராத நாள்தான் எங்களுக்கு நல்ல நாள்னு சொல்றாரு. சரிதான், ஆனா எனக்கு பிளைட் டிக்கெட் காசு ஞாபகம் வருதே.

மறுநாள் வந்துச்சு. ஒரு அம்மா, இடுப்புல ஒட்டிக்கிட்டு செம்பட்டை முடியோட ஒரு குட்டி. ஒரு கிளைய பிடிக்கும், ஆட்டிப் பாக்கும், அப்புறம்தான் காலை எடுக்கும். மகளுக்கு பொறுக்கல, "ஏம்ப்பா இவ்ளோ ஸ்லோவா வருது?"ன்னா.

அப்ப பதில் தெரியல, ரூமுக்கு வந்து படிச்சேன். போர்னியோ காட்டு மரங்கள் வருஷா வருஷம் ஒழுங்கா காய்க்கிறது இல்ல, சில வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் சேந்து காய்ச்சுக் கொட்டும், நடுவுல பட்டினி, மரப்பட்டையும் இலையும்தான். அந்த நேரத்துல உடம்புல இருக்கிற கொழுப்பையே எரிச்சு ஓட்டுதுங்க, அத எப்படி கண்டுபிடிச்சாங்கன்னா காலைல மரத்துக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு மூத்திரத்தைப் பிடிச்சு, கொழுப்பு எரிஞ்சா வர்ற கீட்டோன் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிருக்காங்க (ஆராய்ச்சின்னா சும்மா இல்ல). பெட்ரோல் எப்ப கிடைக்கும்னே தெரியாத ஊர்ல எவனும் வண்டிய விரட்ட மாட்டான், அதான் விஷயம். சிம்பன்சி மாதிரி கூட்டமா சுத்தாம தனித்தனியா இருக்கிறதுக்கும் அதே காரணம்தான், ஒரு மரத்துப் பழம் பத்து பேருக்குப் பத்தாது.

அப்பாக்களைப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. எண்பது தொண்ணூறு கிலோ, கன்னத்துல ரெண்டு பக்கமும் தட்டு மாதிரி சதை, தொண்டைல பை, கத்துனா ஒரு கிலோமீட்டர் கேக்கும். புள்ள வளக்குறதுல பங்கு சுத்தமா கிடையாது. சில ஆம்பளைங்களுக்கு வயசு வந்தும் அந்தக் கன்னம் வருஷக்கணக்கா வளராம அப்படியே சின்னப் பையன் மாதிரி இருக்கும், ஆனா அதுங்களுக்கும் குழந்தை பிறக்கும். அப்புறம் திடீர்னு ஒரு நாள் கன்னம் வளர ஆரம்பிச்சிடும். அது ஏன்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.

அம்மாதான் எல்லாம். பதினஞ்சு வயசு வாக்குல முதல் பிரசவம், அதுக்கப்புறம் ஏழு எட்டு வருஷத்துக்கு ஒண்ணுதான். கடல்ல இல்லாம நிலத்துல வாழுற பாலூட்டிகள்ல இவ்ளோ இடைவெளி வேற எதுக்கும் இல்ல. மியூசியத்துல இருந்த குட்டிங்க பல்லை எடுத்து அதுல தாய்ப்பால் வழியா சேர்ற பேரியம்ங்கிற தாது அளவு பாத்திருக்காங்க, பால் குடிச்ச காலம் பல்லுல வரி வரியா பதிஞ்சிருக்குமாம். 2017ல வந்த ரிசல்ட்டுபடி எட்டு வயசு தாண்டியும் பால் குடிச்சிருக்கு, அதுவும் விட்டு விட்டு: பழம் கிடைக்கும்போது குறையும், பஞ்சம் வந்தா மறுபடி அம்மாகிட்ட. எனக்கு அதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

அத்தனை வருஷமும் படிப்புதான். எதைத் தின்னலாம், எந்தப் பழத்தை எப்படி உடைக்கணும், இருநூறுக்கு மேல செடி மரம் கணக்குல வரும். அம்மா வாய்க்கிட்ட மூஞ்சிய வச்சு உத்துப் பாத்தே கத்துக்குது. அப்புறம் கூடு. தினமும் சாயங்காலம் புதுசு, உயிரோட இருக்கிற கிளைய முழுசா முறிக்காம பாதி வளைச்சு மடக்கி மேல இலை போட்டு பத்து நிமிஷத்துல படுக்கை ரெடி, மழைன்னா மேல கூரையும் உண்டு. குட்டி ஒரு வயசுலயே விளையாட்டா கட்டிப் பழகும், மூணு நாலு வயசுல நல்லாவே கட்டிடும், ஆனா ராத்திரி படுக்கிறது என்னவோ அம்மா கூட்டுலதான், பால் மறக்குற வரைக்கும்.

இப்படி ஒண்ணொண்ணா வளக்குறதால ஒரு அம்மா ஆயுசுக்கும் பெத்து ஆளாக்குறதே நாலஞ்சுதான். பாமாயிலுக்குக் காட்டை வெட்டி அதுல ஒண்ணு ரெண்டு தாய் செத்தாலே அந்தக் கணக்கு ஈடாகாது. சுமத்ரால 2017ல தனி இனம்னு அறிவிச்ச தபனுலி உராங்குட்டான் எண்ணூறுக்கும் கீழதான் இருக்கு.

திரும்பி வந்த அன்னைக்கு ஊர்ல இருந்து அம்மா போன். வழக்கம்போல, பாப்பாவ இன்னும் தனியா படுக்க வைக்கலையாடா, ஆறு வயசு ஆச்சேன்னாங்க. எட்டு வரைக்கும் ஆகலாம்மான்னு சொன்னேன்.

"யாருடா சொன்னா, டாக்டரா?"