விடுதியில் என் முதல் ஆறு மாதம்: இரண்டு குழாயும் ஒரு மெஸ் பில்லும்

விடுதிக்குப் போகிற பெண்ணுக்கு ஊரே அறிவுரை சொல்லும். பூட்டுக்கு இரண்டு சாவி வைத்துக்கொள், தங்கச் சங்கிலி வேண்டாம், தைலப் புட்டியை மறக்காதே. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் ஏதாவது சொல்லாத வீடே இல்லை. மாதம் பிறந்தால் மெஸ் பில் என்று ஒன்று வரும், அதைப் படிக்கத் தெரிந்துகொள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

2023 ஜூலையில், வட சென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதலில் அரசின் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்குத்தான் முயன்றோம். அங்கே சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி மாணவர்களுக்குத்தான், மாணவிகளுக்குக் கிடையாது. கோவில்பட்டிக்காரிக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆனால் நாங்கள் விசாரிக்கப் போனபோது இடம் நிரம்பிவிட்டது. இப்போது அந்த விடுதிகளுக்கு சமூகநீதி விடுதி என்று பெயர். சேர்கிற எண்ணம் இருந்தால், கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே அங்கேயும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் இரண்டு வாரம் தாமதித்தோம். அந்த இரண்டு வாரத்தின் விலை, மூன்று வருட மெஸ் பில்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கி, மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறினோம். கதவுக்கு மேலே ஒட்டியிருந்த வழித்தடப் படத்தைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கோட்டின் கடைசியில் ‘விம்கோ நகர்’ என்று எழுதியிருந்தது. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் தலைநரைத்தவர். விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, திருவொற்றியூரில் இயந்திரத்தில் தீப்பெட்டி செய்த கம்பெனி. கையால் குச்சி அடுக்கிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பங்காளி மாதிரி, போட்டியும் உண்டு, பேச்சும் உண்டு. “நம்ம தொழில் பெயரில் ஒரு ஸ்டேஷன்” என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். என்னை விட்டுவிட்டுப் போகிற துக்கத்தை அந்த ஒரு பெயர் அரைமணி நேரம் தள்ளிவைத்தது.

விடுதி அலுவலகத்தில் காகித வேலை ஒரு பகல் முழுக்க இழுத்தது. ராகிங் செய்யமாட்டேன் என்று மாணவியும் பெற்றோரும் தனித்தனியாக உறுதிமொழி தர வேண்டும். 1997-லேயே தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது என்று வார்டன் அம்மா சொன்னார். எங்களைச் சிக்கவைத்தது ‘உள்ளூர்ப் பாதுகாவலர்’ என்ற ஒரு கட்டம். கொருக்குப்பேட்டையில் இருக்கும், கல்யாண வீடுகளில் மட்டுமே பார்த்திருந்த ஒரு சித்தப்பாவை அப்பா போனில் கூப்பிட்டார். அவர் ஆதார் அட்டையோடு சைக்கிளில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காமல் போனார். சென்னையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஊரில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடுதி வாசலில் நின்றுகொண்டு உறவைத் தேடுவது பெரிய சங்கடம்.

அறையில் நாங்கள் மூவர். விடுதியில் பெயரைவிட ஊர்தான் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒருத்தி கிருஷ்ணகிரிக்காரி, ஒருத்தி பழவேற்காட்டுக்காரி, நான் கோவில்பட்டிக்காரி. நான் கொண்டுபோன கடலைமிட்டாய் இரண்டு நாளில் தீர்ந்தது. பழவேற்காட்டுக்காரி கொண்டுவந்த இறால் கருவாட்டை யாரும் தொடவில்லை. டப்பாவின் மேல் மூன்று பாலித்தீன் பை சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கச் சொன்னோம். அந்த டப்பாவுக்கு டிசம்பரில் ஒரு வேலை இருந்தது.

முதல் வாரப் பாடம் தண்ணீர். குளியலறையில் இரண்டு குழாய். ஒன்று போர் தண்ணீர். கடல் பக்கத்தில் இருப்பதால் நிலத்தடி நீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, தலைமுடி தென்னந்துடைப்பம் மாதிரி ஆகிவிடும். இன்னொன்று மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், காலை ஐந்தரை முதல் ஏழு வரைதான் வரும். அதனால் ஆளுக்கு இரண்டு வாளி. தலைக்கு ஊற்ற மெட்ரோ, மற்றதற்கெல்லாம் போர். வாளியில் பெயர் எழுதாதவளுக்கு வாளி கிடையாது. பெயின்ட்டால் எழுதுங்கள், மார்க்கர் ஒரு வாரத்தில் போய்விடும். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது, நாளுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் கொள்ளளவு. வட சென்னைக் குழாய்களுக்கு அங்கிருந்தும் தண்ணீர் வருகிறது. “எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடலைத்தான் நீங்கள் தலையில் ஊற்றிக்கொள்கிறீர்கள், மரியாதையாகப் பேசுங்கள்” என்பாள் பழவேற்காட்டுக்காரி, கருவாட்டுக்குப் பழிவாங்கும் குரலில்.

மற்றவை சீக்கிரம் பழகிவிட்டன. மாலை ஆறரைக்குள் உள்ளே வர வேண்டும், எட்டரைக்கு அட்டண்டன்ஸ், வெளியே போக அவுட்பாஸ். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்பதால் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி அது போகிற இடம்வரை போய்த் திரும்பினோம். ராயபுரம் ரயில் நிலையத்தை அப்படித்தான் பார்த்தேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் என்று படித்திருந்தேன். நாங்கள் போனபோது நடைமேடையில் ஆட்கள் குறைவு, தூண்கள் மட்டும் நிமிர்ந்து நின்றன. எம்.சி. ரோட்டில் சுடிதார் துணி பேரம் பேசுவதை கிருஷ்ணகிரிக்காரியிடம் கற்றேன். அவள் பாதி விலையில் ஆரம்பிப்பாள், கடைக்காரர் தலையாட்டினால் அதிலும் பத்து ரூபாய் குறைப்பாள்.

சரி, மெஸ். நான் சேர்ந்த மாதம் தக்காளி கிலோ நூறைத் தாண்டியிருந்தது. அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்ற சமயம். மெஸ் ரசத்தில் புளியும் பெருங்காயமும் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அதே ரசம்தான்.

செப்டம்பர் பில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபோதுதான் உற்றுப் பார்த்தேன். மொத்தச் செலவு 4,80,200 ரூபாய். மொத்தச் சாப்பாட்டு நாள் 4,900. ஒரு நாள் 98 ரூபாய். என் பெயருக்கு எதிரே 30 நாள், 2,940. இதற்கு டிவைடிங் சிஸ்டம் என்று பெயர். விடுதியில் 172 பேர், ஒவ்வொருவரும் எத்தனை நாள் சாப்பிட்டோம் என்பதைக் கூட்டினால் மொத்த நாள். செலவை அதனால் வகுத்தால் நாள் விலை. ஊருக்குப் போனால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், அதற்கு ரிடக்‌ஷன் என்று பெயர். எங்கள் விடுதியில் தொடர்ந்து ஐந்து நாளாவது போக வேண்டும், மூன்று நாள் முன்பே கடிதம் தர வேண்டும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, நியாயமான கணக்கு என்று நினைத்தேன்.

தீபாவளி வந்தது. ரயில் முன்பதிவு அப்போது 120 நாள் முன்பே திறந்துவிடும். நவம்பர் 12 தீபாவளிக்கு ஊர் போக வேண்டிய டிக்கெட் ஜூலை நடுவிலேயே தீர்ந்துவிட்டது. அப்போது நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆம்னி பஸ் விலையை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. விடுதியில் தங்கிவிட்டேன். சமையல் அண்ணன்மார் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரம் தயிர் சாதம், எலுமிச்சை சாதம், மறுபடி தயிர் சாதம். தீபாவளியன்று ஆயா தன் வீட்டிலிருந்து அதிரசம் கொண்டுவந்தார். அது பில்லில் சேராது.

நவம்பர் பில்: மொத்தச் செலவு 4,29,000, நாள் 3,900, ஒரு நாள் 110. எனக்கு 3,300. சாப்பிட்டது குறைவு, கட்டுவது 360 ரூபாய் அதிகம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த வித்தியாசத்துக்கே போய்விட்டது. பலகைக்கு முன்னால் நின்று சத்தமாகவே புலம்பியிருக்கிறேன். வார்டன் அம்மா அறைக்குக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று போனேன். ஒரு நீளமான கணக்கு நோட்டை என் பக்கம் தள்ளினார். “கேட்கத் தெரிகிறது. எழுதவும் கற்றுக்கொள். இன்றிலிருந்து நீ மெஸ் கமிட்டி.”

நோட்டில் விடை இருந்தது. ஆறு பேர் சம்பளமும் காஸும் சேர்த்து மாதம் சுமார் 1,40,000. இது 172 பேர் சாப்பிட்டாலும் 70 பேர் சாப்பிட்டாலும் அதிகம் மாறாது. ஊருக்குப் போனவர்கள் தங்கள் அரிசியை மட்டும் கழித்துக்கொண்டு போகவில்லை, தங்கள் பங்குச் சம்பளத்தையும் எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திட்டமிட்டு யாரும் செய்யவில்லை. வகுத்தல் அப்படிச் செய்துவிட்டது.

கமிட்டி வேலை என்றால் என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்த சனிக்கிழமையே ஸ்டோர் அண்ணனோடு கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு அனுப்பினார்கள். மளிகை மொத்த வியாபாரத் தெரு. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அகலம்தான். ஸ்டோர் அண்ணன் துவரம்பருப்பை உள்ளங்கையில் அள்ளி, இன்னொரு கையால் தேய்த்து, ஊதினார். மாவு பறந்தால் பழசு என்றார். பிறகு ஒரு பருப்பைப் பல்லில் வைத்து உடைத்தார். “டக் என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது.” நானும் ஒன்றைக் கடித்தேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. தலையை மட்டும் விவரமாக ஆட்டினேன்.

டிசம்பர் 3, ஞாயிறு இரவு, மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. காலையில் தரைத்தள அறைகளில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாது, போர் தண்ணீரும் இல்லை. தெருத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கிவிட்டதால் மெட்ரோ தண்ணீரையும் தொட முடியாது. இரண்டு குழாயும் ஒரே நாளில் கைவிட்டன. பெயர் எழுதிய வாளிகளை எல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றி மழையைப் பிடித்தோம். அன்று யார் வாளி என்று யாரும் பார்க்கவில்லை.

தலை எண்ணினேன், 61 பேர். புயல் அறிவிப்பு வந்ததுமே பலர் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள், கிருஷ்ணகிரிக்காரியும். சமையல் அண்ணன்மார் வர வழியில்லை. அடுத்த தெரு ஆயா மட்டும் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் கழியோடு, பள்ளம் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தார். காஸ் சிலிண்டரை மேடைமேல் ஏற்றி, பெரிய அண்டாவில் கஞ்சி வைத்தோம். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. பழவேற்காட்டுக்காரி பேசாமல் எழுந்து போய், மூன்று பை சுற்றிய டப்பாவை எடுத்து வந்தாள். ஆயா இறால் கருவாட்டை வெறும் சட்டியில் வறுத்து, மிளகாய், பூண்டு, புளி வைத்து அம்மியில் அரைத்தார். கருவாடு சாப்பிடாதவர்களுக்கு ஊறுகாய். மற்ற எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு துவையல். அவள் மட்டும் சாப்பிடவில்லை. அவள் வீட்டுக்குப் போன் போகவில்லை. மறுநாள் மதியம், ‘படகு பத்திரம், கூரை போய்விட்டது’ என்று செய்தி வந்த பிறகுதான் கஞ்சியைத் தொட்டாள்.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. தேர்வுகள் தள்ளிப்போயின. போனவர்கள் தேர்வுக்கு வந்து, எழுதிவிட்டு மறுபடி கிளம்பினார்கள். மாதக் கடைசியில் நோட்டைத் திறந்தோம். செலவு 3,50,000, நாள் 2,800. பழைய முறைப்படி நாளுக்கு 125 ரூபாய். புயலில் கஞ்சி குடித்தவர்கள் வருடத்திலேயே பெரிய பில் கட்ட வேண்டும். ஊருக்குப் போனவர்கள் மூன்று நாள் முன்பு கடிதம் தரவில்லை, ரிடக்‌ஷனே தரக்கூடாது என்றார் கமிட்டியில் ஒரு அக்கா. புயல் என்ன கடிதம் போட்டுவிட்டா வந்தது என்றார் இன்னொரு அக்கா.

நான் ஒரு காகிதத்தில் வேறு மாதிரி எழுதிக் காட்டினேன். சம்பளம், காஸ் 1,40,000-ஐ 172 பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 814 ரூபாய். மீதி 2,10,000-ஐ மட்டும் சாப்பிட்ட நாட்களால் வகுத்தால் நாளுக்கு 75. எல்லாருக்கும் ரிடக்‌ஷன் உண்டு, ஆனால் அடுப்புக்கும் ஆட்களுக்கும் எல்லாரும் பொறுப்பு. 31 நாளும் இருந்தவளுக்கு 3,875-க்குப் பதில் 3,139. வார்டன் அம்மா இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

கிருஷ்ணகிரிக்காரி அந்த மாதம் சாப்பிட்டது 10 நாள். பழைய கணக்கில் 1,250, புதுக் கணக்கில் 1,564. “நான் இல்லாத நாளுக்கு நான் ஏன் காசு தர வேண்டும்?” என்று கேட்டாள். அவளுக்கும் அப்பா அனுப்புகிற காசுதான். விளக்கினேன், கேட்கவில்லை. இரண்டு நாள் பேச்சு இல்லை. என் மெட்ரோ தண்ணீர் வாளியைக்கூட நகர்த்திவிட்டுத்தான் தன் வாளியை வைத்தாள். நடுவில் பழவேற்காட்டுக்காரி இருவருக்கும் தனித்தனியாக நல்லவளாக இருந்தாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இரவு அட்டண்டன்ஸ் முடிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரிக்காரி வந்து எதிரே நின்று, நான்காக மடித்த ஒரு தாளை மேசையில் வைத்தாள். ரிடக்‌ஷன் கடிதம். ஜனவரி 13 முதல் 17 வரை, சரியாக ஐந்து நாள். கீழே சிறிய எழுத்தில் அவளே கணக்குப் போட்டிருந்தாள்: கழிவது சாப்பாட்டுக் காசு மட்டும், அடுப்புக் காசு கழியாது.

“கூட்டல் சரியா பார்” என்றாள். சரியாகத்தான் இருந்தது.