ஒற்றைக் காதில் பல குரல்

மார்ச் 17

இடக் காதின் கட்டைப் பிரிக்க இன்னும் 11 நாள்களாம். வலக் காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு இடைக்காலப் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெரோத்தானின் ‘விதெருந்த் ஓம்னெஸ்’ கேட்டேன். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் மூன்று, நான்கு குரல்களில் பாடலாம் என்று ஆயர் 1198-இல் அனுமதித்த காலத்துப் பாடல் அது. பழைய ஒற்றைக்குரல் கீதத்தின் முதல் அசையான ‘வி’யை அடிக்குரல் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே மூன்று குரல்கள் ஒன்றையொன்று தாண்டிக் குதிக்கின்றன. ‘பிடித்திருத்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்தே அந்த அடிக்குரலுக்கு டெனர் என்ற பெயர் வந்தது. தம்பூராவைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் தம்பூரா நகரப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும், இதுவோ எப்போது அடுத்த அசைக்கு நகரும் என்று காத்திருக்க வைக்கிறது.

மார்ச் 18

தூக்கமில்லை. டெனர் இன்னும் ‘வி’யிலேயே நிற்கிறது.

மார்ச் 21

ரோமில் அல்லாமல் பிரான்சின் தெற்கிலுள்ள அவிஞ்ஞோனிலிருந்து ஆண்ட திருத்தந்தை 22-ஆம் யோவான் 1324-25 வாக்கில், தேவாலயங்களில் பாடப்பட்ட புதுப் பாணிப் பல்குரல் இசையைக் கண்டித்துப் பிறப்பித்த ஆணையை வாசித்தேன். இக்குரல்கள் ஓடுகின்றன, ஓய்வதில்லை. காதுகளுக்குப் போதையேற்றுகின்றன, குணமாக்குவதில்லை என்கிறார். முதலில் சிரிப்பும் பிறகு எரிச்சலும் வந்தன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, மெட்டைத் துண்டு துண்டாக நறுக்கும் ஹாக்கெட் முறை அவரை மிகவும் உறுத்தியிருக்கிறது. ஆணைக்கு அரை நூற்றாண்டு ஆவதற்குள் ரெய்ம்ஸ் நகரத்து இசையமைப்பாளர் மஷோ, முழுத் திருப்பலியையும் நான்கு குரல்களில், ஹாக்கெட்டுகளோடு எழுதிவிட்டார். நல்ல வேளை.

மார்ச் 22

வலி. எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 25

1436-இல் இதே நாளில்தான் ஃபிளாரன்ஸ் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கென்று இசையமைப்பாளர் துஃபாய் எழுதிய ‘நூப்பெர் ரோசாரும் ஃப்ளோரெஸ்’ பாடலை மூன்று முறை கேட்டேன். இதில் டெனர் இரண்டு. ஒரே கீதத்தை, ஐந்து ஸ்வர இடைவெளி விட்டு, ஒன்றின் பின் ஒன்றாகத் தொடங்கி, நான்கு தடவை 6:4:2:3 என்ற கால விகிதத்தில் பாடுகின்றன. அந்த எண்கள் கட்டடத்தின் அளவா, சாலமோன் ஆலயத்தின் அளவா என்று அறிஞர்கள் வாதிடட்டும். என் வலக் காதுக்கு இரண்டு டெனர்களும் ஒருவராகவே கேட்கிறார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 26

ஆங்கில இசையமைப்பாளர் தாலிஸின் ‘ஸ்பெம் இன் ஆலியும்’ மட்டும் இப்போது வேண்டாம். ஐந்து குரல் வீதம் எட்டுக் குழுக்கள், ஆக 40 குரல்கள். ஒலி ஒரு குழுவிடமிருந்து அடுத்த குழுவுக்குக் கைமாறிச் செல்வதே அதன் உயிர். ஒற்றைக் காதுக்குத் திசை ஏது?

மார்ச் 28, காலை

ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தாலிஸைப் போனில் ஏற்றி, இரண்டு இயர்போன்களையும் எடுத்து வைத்திருக்கிறேன்.