குணசீலனுக்காக ஜெபிக்கவும்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, காலைல அஞ்சே முக்கால் இருக்கும், எங்க சேகரத்து (சபை வட்டாரத்து) ஐயர், அதான் பாதிரியாரு, போன் பண்றாரு. ஐயர் அந்த நேரத்துக்குக் கூப்பிட்டா யாரோ கர்த்தருக்குள்ள நித்திரை ஆயிட்டாங்க, அடக்க ஆராதனை பேப்பர் அவசரமா அடிக்கணும்னு அர்த்தம். நமக்கு டி.டி.பி. கடை, பாளையங்கோட்டை முருகன்குறிச்சி பக்கம், கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. தூக்கக் கலக்கத்துல "சொல்லுங்கய்யா, எத்தனை காப்பி"ன்னுட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "தம்பி, கோவத்துல எதுவும் செஞ்சிராத. ஆறரைக்கு நான் வீட்டுக்கு வாரேன். அதுவரைக்கும் வெளிய எங்கயும் போவாத."

பக்கத்துல படுத்திருந்த வீட்டம்மா "யாரு?"ன்னா. ஐயர்தான், நான் எதுவும் செஞ்சிரக்கூடாதாம்னேன். "நீங்க எப்ப என்ன செஞ்சிருக்கீய"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டா.

இது ஏன்னு புரியணும்னா எங்க எழுத்தாளர் கூட்டத்தப் பத்தி சொல்லணும்.

மாசத்துல முதல் சனிக்கிழமை சாயங்காலம் கிறிஸ்தவக் கதை எழுதுற நாங்க பத்துப் பன்னெண்டு பேரு ஒரு ஓய்வுநாள் பாடசாலை ரூம்ல கூடுவோம். சின்னப் பிள்ளைங்க பெஞ்சு, உக்காந்தா முட்டி தாடையில இடிக்கும், சுவத்துல நோவா பேழை படம், அதுல ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் தலை பிஞ்சு போயிருக்கும். தபால் ஆபீஸ்ல ரிட்டயர் ஆன அண்ணாச்சிதான் தலைவர். ஜெபம் முடிஞ்சு கண்ணத் தொறந்ததும் அவரு கேக்கற முதல் கேள்வி மாசா மாசம் ஒண்ணுதான். "தமிழ்ல முதல் நாவல் எழுதினது யாரு? மாயூரத்துல முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை. அச்சுல வந்தது எந்த வருஷம்? 1879. அவரு யாரு? கிறிஸ்தவர்!" சொல்லிட்டு ஏதோ அவரே கூட உக்காந்து எழுதிக் குடுத்த மாதிரி எல்லாரையும் ஒரு பார்வை பாப்பாரு. உடனே ரிட்டயர்டு எச்.எம். டீச்சர் "அவரு ஆர்.சி., கத்தோலிக்கர்ல்லா"ம்பாங்க. டீச்சர் ஏழு தலைமுறை புராட்டஸ்டன்ட், சி.எஸ்.ஐ. சபை. "நம்ம கிருஷ்ண பிள்ளை இந்தா இருக்க கரையிருப்புக்காரரு, இங்கிலீஷ்காரரு ஜான் பன்யனோட மோட்சப் பிரயாணத்த 3,700 பாட்டுக்கு மேல தமிழ்ல பாடி 1894-லயே இரட்சணிய யாத்திரிகம்னு போட்டாரு, அவர ஏன் ஒருநாளும் சொல்ல மாட்டேங்கீய?" "டீச்சர், அது காப்பியம், நாவல் இல்ல." "அப்ப காப்பியம் மட்டமா?" இதுக்குள்ள டீயும் உளுந்த வடையும் வந்துரும், சண்டைய அடுத்த மாசத்துக்கு ஒத்தி வச்சிருவோம்.

டீச்சர் எழுதுறது குடும்ப நாவல். அறுபது வருஷமா பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தத் தவிர வேற எதையும் அழுத்திப் படிச்சதில்லங்கறதால அவங்க கதையில புருஷன் பொண்டாட்டி பேசிக்கறது இப்படி இருக்கும்: "அவன் அவளை நோக்கி: ஸ்டெல்லா, எனக்குக் காப்பி கொண்டுவா என்றான். அதற்கு அவள் பிரதியுத்தரமாக: பால் திரிந்துபோயிற்று என்றாள்." நான்தான் அவங்களுக்கு டைப் பண்ணிக் குடுக்கறேன், இப்ப எனக்கே வீட்ல அந்த பாஷை வருது. இன்னொருத்தர் பெந்தெகொஸ்தே பிரதர், கடைசி காலத்தப் பத்தி ஒரு திரில்லர் எழுதிட்டு இருக்காரு, 2009-லேர்ந்து. வேதத்துல வெளிப்படுத்தின விசேஷத்துல வர்ற மிருகத்தின் முத்திரை அதுல முதல்ல பார்கோடா இருந்துச்சு, அப்புறம் ஏ.டி.எம். கார்டு, அப்புறம் சிம் கார்டு, இப்ப கியூ.ஆர். கோடுல வந்து நிக்குது. டெக்னாலஜி நிக்கற வரைக்கும் அந்த நாவல் முடியாது. நர்ஸ் அக்கா காதல் கதை ஸ்பெஷலிஸ்ட். ஆனா மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாண ஓலை (அறிவிப்பு) வாசிச்சு யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் ஹீரோ ஹீரோயின் கையப் புடிக்கலாம், அதுவும் மோதிரம் போடறதுக்கு.

எங்க கூட்டத்துல எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு, கடைசி அத்தியாயத்துக்குள்ள எல்லாரும் மனந்திரும்பிரணும். கந்துவட்டிக்காரன், மந்திரவாதி, மாமியார், யாரா இருந்தாலும் சரி. அண்ணாச்சி நாவல்ல வர்ற நாய்கூட சோத்துக்கு முன்னால கண்ண மூடும்.

இந்தக் கூட்டத்துல போயி நான் குணசீலன உண்டாக்கினேன். குடிகாரன், சொந்த அண்ணனுக்கு ஊத்திக் குடுத்தே நிலத்த எழுதி வாங்குறவன். பேருக்கே எதிர்ப்பு. "கெட்டவனுக்கு எதுக்கு குணசீலன்னு பேரு?"ன்னு டீச்சர். "பொறக்கும்போது அவங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"ன்னேன். அத்தியாயம் 17-ல அவன் கிணத்துல விழுந்து சாகணும், அதுதான் எனக்குத் தோணின முடிவு. அண்ணாச்சி ஒத்துக்கவே இல்ல, மனந்திரும்ப ஒரு வாய்ப்பு குடுக்காம எப்படி சாகடிப்பன்னு. "அனனியா சப்பீராளுக்கு வாய்ப்பு குடுத்தாங்களா அண்ணாச்சி? அவங்களும் நில விவகாரம்தான், பொய் சொன்னாங்க, ரெண்டு பேரும் அங்கயே விழுந்து செத்தாங்க"ன்னேன். ரத்தம் சிந்துறது நம்ம கதைக்கு ஆகாதுன்னாங்க, யாகேல் கூடார ஆணிய சிசெரா நெத்திப்பொட்டுல அடிச்சதச் சொன்னேன். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் அண்ணாச்சி "அவங்கல்லாம் வேதத்துல வர்றவங்க, நீ டி.டி.பி. கடை"ன்னாரு. இதுக்கு என்ன பதில் சொல்ல?

வெளியூர்ல இருக்கவங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது, எங்க ஆளுங்ககிட்ட கதை விக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி சொந்தக் காசுல ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டேன், 500 காப்பி, இன்னைக்கும் 312 கட்டிலுக்குக் கீழ இருக்கு. கோயில்ல எல்லாரும் சேந்து சாப்பிடற ஒரு அசனப் பண்டிகைல காலண்டர், வாக்குத்தத்த அட்டை விக்கற மேசையில ஒரு ஓரம் கெஞ்சி வாங்கி அடுக்கி வச்சேன். ஒரு அம்மா எடுத்து அட்டைய முன்னாடி பின்னாடி பாத்து "இது உண்மைச் சம்பவமா?"ன்னாங்க. இல்லம்மா, கதை. "அப்ப பொய்யா?" நான் ஒரு செகண்ட் யோசிச்சேன். அந்த ஒரு செகண்ட்ல அவங்க புக்க வச்சிட்டு அசன சாப்பாட்டு வரிசைக்குப் போயிட்டாங்க. சாட்சி புஸ்தகம்னா விக்கும். நான் மூணு தடவ செத்துப் பொழச்சேன்னு ஒருத்தர் எழுதினா அன்னைக்கே காலி.

சரி, விஷயத்துக்கு வாரேன். நர்ஸ் அக்காவுக்கு என் மேல பாசம் ஜாஸ்தி. நாவல் முட்டிக்கிட்டு நிக்குது, ராத்திரி தூக்கம் இல்லக்கான்னு நான் பொலம்பினத மனசுல வச்சிக்கிட்டு, அவங்க சபை பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸ்அப்ல ஜெபக் குறிப்பு போட்டுட்டாங்க. குணசீலன்னு ஒருத்தரால நம்ம தம்பிக்கு மன நிம்மதி இல்ல, குடிப்பழக்கம் உள்ளவரு, அண்ணனோட நிலத்த ஏமாத்தி வாங்கினவரு, பாரத்தோடு ஜெபிக்கவும். இதுல நாவல்ங்கற வார்த்தை எங்கயும் இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் ஊருக்கே தெரியும்னு நெனச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் மூணு வாரமா எனக்கு நல்ல காலம். கோயில்ல ஆளுங்க கையப் புடிச்சு அழுத்தறாங்க, கடையில ஜெராக்ஸுக்கு பேரம் பேசறதில்ல, மீதி சில்லறைய "இருக்கட்டும் தம்பி"ங்கறாங்க. சரி, எழுத்தாளன்னு இப்பதான் மதிக்க ஆரம்பிச்சிருக்காங்கன்னு நானும் ஜிப்பா ஒண்ணு எடுத்துட்டேன். நடுவுல யாரோ ஒருத்தங்க குணசீலன் என் மச்சினன்னு முடிவு கட்டிட்டாங்க போல, மார்க்கெட்ல என் வீட்டம்மாகிட்ட "உன் தம்பி இப்ப குடிய விட்டுட்டானா?"ன்னு கேட்டிருக்காங்க. அவ தம்பி ஓய்வுநாள் பாடசாலை வாத்தியார். அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு வந்த வேகத்துல ஏதோ நடந்திருக்குன்னு தெரிஞ்சிச்சே ஒழிய என்னன்னு தெரியல.

வியாழக்கிழமை ராத்திரி நான் நர்ஸ் அக்காவுக்கு போன் போட்டு, "அக்கா, முடிவு பண்ணிட்டேன், நாளைக்கு அவன கிணத்துல தள்ளி கொன்னுரப்போறேன், வேற வழியே இல்ல"ன்னேன். அக்கா பதறிப்போயி, அவங்களுக்கும் குணசீலன் மனந்திரும்பணும்னு ஆசை, அந்த வாக்கியத்த அப்படியே குரூப்புல போட்டு "அவசர ஜெபம்"னு மூணு கை கூப்புற பொம்மையும் போட்டுட்டாங்க. அது நாலு சேகரம் சுத்தி ராத்திரி பதினோரு மணிக்கு எங்க ஐயருக்கு வந்திருக்கு.

ஆறரைக்கு ஐயர் வந்தாரு, தனியா இல்ல, சபையில இருக்க ரிட்டயர்டு ஏட்டு ஒருத்தரையும் கூட்டிட்டு. ஏட்டு ஸ்தோத்திரம் சொல்லிட்டு நேரா வாசப்படி பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரத்துல "பின்னால கிணறு இருக்கோ?"ன்னாரு. இருக்கு. "எத்தனை அடி?" போய் எட்டிப் பாத்துட்டு வந்து, ஐயர்கிட்ட ஒண்ணும் இல்லங்கற மாதிரி தலைய ஆட்டினாரு. ஐயர் என் கையப் புடிச்சு "குணசீலன் எங்கய்யா?"ன்னாரு.

நான் போயி லேப்டாப்ப எடுத்துட்டு வந்தேன்.

விஷயம் புரிஞ்சதும் சிரிப்பாருன்னு நெனச்சேன். அவரு சிரிக்கல, கண்ணாடியப் போட்டுட்டு பதினாறாவது அத்தியாயத்த படிக்க ஆரம்பிச்சாரு. காப்பி ஆறுது, ஏட்டு கொட்டாவி விடறாரு, ஐயர் படிக்கிறாரு. முடிச்சிட்டு நிமிந்து "பதினேழு எங்க?"ன்னாரு. இன்னும் எழுதலய்யா. "சீக்கிரம் எழுது"ன்னு சொல்லிட்டுதான் வயித்தப் புடிச்சிட்டு சிரிச்சாரு. வீட்டம்மா அடுப்படியிலேர்ந்து, "கூட்டிட்டுப் போனா நல்லதுதான்யா, பன்யன் பன்னெண்டு வருஷம் ஜெயில்ல இருந்தாருன்னு இவுகதான் சொல்லுவாக, அங்கயாவது உக்காந்து எழுதி முடிச்சிருவாக"ங்கறா.

நர்ஸ் அக்கா அழாத குறையா மன்னிப்புக் கேட்டு உடனே குரூப்புல திருத்தம் போட்டாங்க. என்ன போட்டாங்கன்னா: "குணசீலன் இல்லை. தவறான தகவலுக்கு மிகவும் வருந்துகிறோம்." இதுல நம்ம மக்கள் கண்ணுல பட்டது "இல்லை"யும் "வருந்துகிறோம்"மும்தான். மத்தியானத்துக்குள்ள பதினாலு பேரு ஆறுதல் வசனம் அனுப்பிட்டாங்க. ஒருத்தர் கடைக்கே வந்து "அடக்கம் எத்தனை மணிக்கு?"ன்னாரு. பிரதர் போன் பண்ணி, "தம்பி, சரீரத்த கிணத்துலேர்ந்து எடுத்தாச்சா?"ன்னாரு. இத்தனைக்கும் அவரு எங்க கூட்டத்துல உக்காந்து ஒம்போது அத்தியாயம் காதால கேட்டவரு. தூங்கிட்டு இருந்திருக்காரு!

எல்லாம் அடங்கிச்சுன்னு நெனச்சேன். திங்கக்கிழமை கடையத் தொறந்து லேமினேஷன் மெஷின் சூடாகட்டும்னு உக்காந்திருக்கேன், ஒரு பெரியம்மா ஆட்டோல வந்து இறங்குறாங்க. எண்பது தாண்டினவங்க, வெள்ளைச் சேலை, கையில வேதாகமப் பை. பைக்குள்ளேருந்து ஒரு காணிக்கை கவர எடுத்து மேசையில வச்சாங்க. மேல நடுங்குற எழுத்துல "குணசீலன் வைத்தியச் செலவுக்கு". உள்ள 500 ரூபா. அவங்ககிட்ட வாட்ஸ்அப் கிடையாது, பேத்தி வாசிச்சுக் காட்டினது முதல் குறிப்பு மட்டும்தான், சாவு செய்தி போயே சேரல.

எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. ஸ்டூலப் போட்டு உக்கார வச்சு, "பெரியம்மா, தப்பா நெனைக்காதீங்க, குணசீலன்னு ஆளே கிடையாது, நான் எழுதுற கதையில வர்றவன்"னேன். அசனப் பண்டிகை அம்மா மாதிரி "அப்ப பொய்யா?"ன்னு கேப்பாங்கன்னு பாத்துட்டு இருக்கேன். அவங்க ரொம்ப நேரம் என்னையே பாத்தாங்க.

"கதையில வாரவனா?"

"ஆமா பெரியம்மா."

"கதையா இருந்தா என்னய்யா. மூணு வெள்ளிக்கிழமை காப்பித் தண்ணி கூட குடிக்காம அவனுக்காவ முழங்கால்ல நின்னுருக்கேன். கொன்னு கின்னு போட்டுராத."

கவர திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க. புக்கு வரும்போது ஒண்ணு குடு, எழுத்து மட்டும் பெருசா போடு, எனக்கு ஒரு கண்ணுதான் தெரியும்னாங்க. நான் எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து வந்த முதல் முன்பதிவு இதுதான்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து அத்தியாயம் 17-ஐ எழுதினேன். குணசீலன் கிணத்துல விழுறான், தண்ணி இடுப்பளவுதான் இருக்கு, கால் மட்டும் முறியுது. ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுப் படுத்துக்கிட்டு பக்கத்து பெட்காரன்கிட்ட பீடி கேக்கறான். சாகவும் இல்ல, மனந்திரும்பவும் இல்ல. கூட்டத்துல வாசிச்சேன். அண்ணாச்சி, "பீடி வேண்டாம், ஆரஞ்சு கேக்கட்டும்"னாரு. டீச்சர், கிணத்துலேருந்து தூக்கறது வேதத்துல எரேமியா தீர்க்கதரிசிய துரவுலேருந்து தூக்கின மாதிரி இருக்கு, ஆனா எரேமியா பீடி கேக்கலன்னாங்க. நான் ஒண்ணும் மாத்தல.

நேத்து பெரியம்மா பேத்தி போன்லேருந்து கூப்பிட்டாங்க. குணசீலன் பொழச்சுக்கிட்டான் பெரியம்மா, கால்ல மட்டும் அடின்னேன். ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு வைக்கப்போறாங்கன்னு பாத்தா, "ஏய்யா, அவன் அண்ணன் என்ன ஆனான்? நிலத்த பறிகொடுத்துட்டு நின்னானே, பிள்ளைகுட்டிக்காரனாச்சே, இந்த வெள்ளிக்கிழமை அவனுக்காவ இருக்கலாம்னு பாக்கேன்"ங்கறாங்க.

ஒம்போதாவது அத்தியாயத்துல பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நின்னவன். அதுக்கப்புறம் அவன நான் எழுதவே இல்ல. மறந்தே போச்சு. பத்துலேருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.