க்ளோப் கிளம்பிய நான்கு மாதங்களும் எங்கள் வார்டும்

லிவர்பூலில் மருத்துவமனை வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: சிவப்பா, நீலமா? சிவப்பு என்றால் லிவர்பூல் அணி, நீலம் என்றால் எவர்ட்டன். தமிழ்நாட்டிலிருந்து நர்ஸாக வந்த எனக்கு கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு தெரியாது, இருந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் சேராமல் விடமாட்டார்கள். எங்கள் வார்டில் ஹெல்த்கேர் அசிஸ்டென்டாக இருக்கும் ஒரு அக்கா (வெள்ளைக்காரப் பெண்மணிதான், ஆனால் எனக்கு அக்கா என்றுதான் வாயில் வரும்) முதல் நைட் ஷிஃப்டில் டீ போட்டுக் கொடுத்து, எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டினார். அவர் சிவப்பு, அதனால் நானும் சிவப்பு. ஒரு கால்பந்து மேனேஜர் வேலையை விட்டுப் போன அந்த நான்கு மாதங்களில் எங்கள் வார்டு எப்படி இருந்தது என்பதை எழுதி வைக்கவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அப்போது நான் கால்பந்தைவிட வேலையைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. மதிய மருந்து கொடுக்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் செய்தி வந்தது: இந்த சீசனோடு லிவர்பூல் அணியின் மேனேஜர் (அதாவது தலைமைப் பயிற்சியாளர்) யூர்கன் க்ளோப் போகிறார். முதலில் யாரோ வாட்ஸ்ஆப்பில் பொய்யாகக் கிளப்பிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். லிவர்பூல் அப்போது லீக்கில் முதலிடத்தில் இருந்தது, அவருடைய ஒப்பந்தமோ 2026 வரை இருந்தது, அப்படி இருக்கும்போது யார் போவார்கள்? அப்புறம் கிளப்பே வெளியிட்ட வீடியோ வந்தது. அவரே உட்கார்ந்து பேசுகிறார். இந்தக் கிளப்பில் எல்லாவற்றையும் நேசிக்கிறேன், ஊரையும் ரசிகர்களையும் நேசிக்கிறேன், ஆனால் என் சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது, இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க என்னால் முடியாது. சொன்னது அவ்வளவுதான். வேறு கிளப் கூப்பிட்டது, சம்பளத் தகராறு, முதலாளிகளோடு சண்டை என்று எதுவும் இல்லை. இங்கிலாந்தில் வேறு எந்தக் கிளப்புக்கும் ஒருநாளும் மேனேஜராகப் போகமாட்டேன் என்றும் பிறகு சொன்னார்.

ஸ்டாஃப் ரூமில் அக்கா அந்த வீடியோவை எழுந்து நின்றபடியே பார்த்தார். அழுதார். துடைத்துக்கொண்டு போய் நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்தார், திரும்பி வந்து மறுபடி பார்த்தார். வார்டில் படுத்திருந்த ஆண்களில் பாதிப் பேர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் நான் எதிர்பார்த்த ஒன்று மட்டும் நடக்கவே இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. நடு சீசனில் இப்படிச் செய்யலாமா, விட்டுவிட்டு ஓடுகிறாரே என்று ஒருவர்கூடப் பேசவில்லை. களைத்துப்போய்விட்டார், பாவம், எவ்வளவு செய்திருக்கிறார் என்றுதான் பேசினார்கள். ஒரு பெரிய பதவியில் இருப்பவர் "எனக்கு முடியவில்லை" என்று சொன்னதை இத்தனை பேர் இவ்வளவு மரியாதையோடு ஏற்றுக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காரணம் கோப்பைகள் மட்டும் இல்லை. கோப்பைகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. 2015 அக்டோபரில் வந்தார். 2019 மே மாதம் பார்சிலோனாவைச் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 4-0 என்று திருப்பி அடித்து, ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் வாங்கித் தந்தார். 2020-ல், 30 வருடக் காத்திருப்புக்குப் பிறகு, 99 புள்ளிகளோடு லீக் பட்டம். ஆனால் எங்கள் வார்டில் அவரைப் பற்றிப் பேசும்போது இதெல்லாம் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது கோவிட் காலம். 2020 மார்ச் தொடக்கத்தில் ஒரு நிருபர் வைரஸ் பற்றிக் கேட்டபோது, தொப்பி போட்டுக்கொண்டு சரியாக ஷேவ் செய்யாமல் நிற்கிற என் கருத்து எதற்கு, விஷயம் தெரிந்தவர்கள் பேசட்டும் என்று சொன்னவர் அவர். பத்து நாளில் ஆட்டங்கள் நின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள் அந்தக் கிளப்பின் பாட்டைப் பாடுகிற வீடியோ ஒன்று தனக்கு வந்ததாகவும், பார்த்த உடனே அழுதுவிட்டதாகவும் அதே மாதம் சொன்னார். அந்த நாட்களில் மாஸ்க் தழும்போடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கைத்தட்டல் நிறைய வந்தது, நன்றிக்கடிதங்களும் வந்தன, ஆனால் இந்த ஒன்றைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் 2021. ஜனவரியில் அவருடைய அம்மா ஜெர்மனியில் இறந்துபோனார். பயணக் கட்டுப்பாடுகளால் இறுதிச் சடங்குக்கு அவரால் போகமுடியவில்லை. அதே நேரத்தில் அணி சொந்த மைதானத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. ரசிகர்கள் ஆன்ஃபீல்டுக்கு வெளியே அவர் பேரைப் போட்டு, நீங்கள் தனியாக இல்லை என்கிற பொருளில் பதாகை கட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து வேலை செய்கிற நர்ஸ்கள் பலருக்கு அந்த வருடங்களில் இதே கதைதான். அப்பாவையோ அம்மாவையோ போனில் பார்த்து அனுப்பிவைத்துவிட்டு, மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவருக்கு வந்து நின்றவர்கள் என் கூடவே இருந்தார்கள். கேரளத்துப் பிள்ளைகள், பிலிப்பைன்ஸ்காரர்கள், நாங்கள். அவர்களுக்காக யாரும் பதாகை கட்டவில்லை. ஆனால் அந்த ஆளுக்குக் கட்டியதில் எங்களுக்கும் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்குக் கிடைத்தது.

அந்த ஜனவரியில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு ஆளின் முகமும்தான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வார்டு மேனேஜர் இருந்தார். கோவிட் முழுக்க எங்களைத் தாங்கியவர், ரோஸ்டர் போடும்போது யார் வீட்டில் சின்னக் குழந்தை, யாருக்குப் பரீட்சை என்று பார்த்துப் போடுவார். அவர் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். வாரங்கள் ஓடின. கடைசியில் நிர்வாகத்திலிருந்து நான்கு வரி மின்னஞ்சல், இன்னார் இனி இந்தப் பொறுப்பில் இல்லை, இன்னாரைத் தொடர்புகொள்ளவும் என்று. நன்றி சொல்ல எங்களுக்கு வழியே இல்லை. அவருக்கும் என்ன ஆனது என்று சொல்ல வாய்ப்பு கொடுத்தார்களா, தெரியாது. அதற்குப் பிறகு வந்தவர் நல்லவர்தான், ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கோபம். அந்தக் கோபம் அவருக்குச் சேரவேண்டியது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அவர்மேல்தான் விழுந்தது. மூன்று பேர் வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டுப் போனார்கள்.

க்ளோப் தன் முடிவை முந்தின நவம்பரிலேயே முதலாளிகளிடம் சொல்லிவிட்டார். அதை ரகசியமாகவே வைத்திருந்து மே மாதம் சொல்லியிருக்கலாம். ஜனவரியில் எல்லோரிடமும் சொன்னதால் கிளப்புக்குப் புது ஆளைத் தேட நேரம் கிடைத்தது, ரசிகர்களுக்கு அழ நேரம் கிடைத்தது. சீக்கிரம் சொன்னதால்தான் ஏப்ரலில் அணி சரிந்தது என்று ஒரு வாதம் அப்போது பலமாக ஓடியது. பிப்ரவரி 25 அன்று, பல முக்கிய வீரர்கள் காயத்தில் இருக்க, சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு செல்சியை 1-0 என்று வென்று லீக் கோப்பை வாங்கியபோது யாருக்கும் அந்த வாதம் தோன்றவில்லை. ஏப்ரலில் அட்லாண்டாவிடம் 0-3, கிறிஸ்டல் பேலஸிடம் 0-1, கடைசியில் எவர்ட்டனிடமே 0-2 என்று தோற்ற பிறகுதான் வந்தது. எவர்ட்டனிடம் தோற்ற மறுநாள் எங்கள் வார்டு நீலக்காரர்கள் போட்ட ஆட்டத்தைச் சொல்லி முடியாது. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒரு பட்டம் போயிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையைச் சொல்லி ஒழுங்காக விடைபெற்றதற்கு அது அதிக விலை இல்லை. அக்கா இதில் என்னைவிடக் கடுமை, அப்படிப் பேசுகிறவர்களோடு டீகூடக் குடிக்கமாட்டார்.

எங்கள் மருத்துவமனையில் தன்னார்வலராக வந்து டீ வண்டி தள்ளுகிற ஒரு பெரியவருக்கு 1974 நன்றாக நினைவிருந்தது. அந்த ஜூலை 12 அன்று அப்போதைய லிவர்பூல் மேனேஜர் பில் ஷாங்க்லி திடீரென்று விலகினார். 1959-லிருந்து இருந்தவர், இரண்டாம் டிவிஷனில் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தி மூன்று லீக் பட்டம் வாங்கியவர். தெருவில் மைக்கோடு போய்ச் சொன்ன நிருபரைச் சின்னப் பையன்கள் நம்பவே மறுத்த அந்தப் பழைய படத்துண்டு இன்றும் இருக்கிறது. பெரியவர் சொன்னதில் என்னை வருத்தியது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஷாங்க்லிக்கு வேலையை விட்டாலும் மைதானத்தை விடமுடியவில்லை, பயிற்சிக்குத் தினமும் வருவார், வீரர்கள் பழக்கத்தில் அவரையே பாஸ் என்று கூப்பிடுவார்கள். புது மேனேஜர் பாப் பெய்ஸ்லிக்கு அது தர்மசங்கடம். மெல்ல மெல்ல அவர் வரவேண்டாம் என்பது புரியவைக்கப்பட்டது, அந்தக் காயம் அவருக்கு 1981-ல் சாகும்வரை ஆறவில்லை. பெய்ஸ்லி மூன்று ஐரோப்பியக் கோப்பைகள் வாங்கினார், அது வேறு விஷயம். போவது எப்படி என்று அந்த மனிதருக்கு உதவ யாருமே இல்லையே என்று பெரியவர் ஐம்பது வருடம் கழித்தும் ஆதங்கப்பட்டார்.

கடைசி ஆட்டம் மே 19, ஞாயிற்றுக்கிழமை, வுல்வ்ஸோடு. அன்று லீவு கேட்டவர்கள் பட்டியலைப் பார்த்து ரோஸ்டர் போடுகிறவருக்குத் தலை சுற்றியிருக்கும். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. டிக்கெட்டும் இல்லைதான், ஆனால் மைதானத்தைச் சுற்றியாவது நிற்கவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். அவர் ஷிஃப்டை வாங்கிக்கொண்டவர் ஒரு எவர்ட்டன்காரர். அதே நேரத்தில் எவர்ட்டனுக்கு லண்டனில் ஆர்சனலோடு ஆட்டம், அதைப் பார்க்காமல் வந்து வேலை செய்தார். கேட்டதற்கு, எங்களுக்கும் இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் நானும் நின்றிருப்பேன் என்றார்.

2-0 என்று வென்றார்கள். அப்புறம் மைதானத்தின் நடுவில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, சட்டையில் "நன்றி லவ்" என்று லிவர்பூல்காரர்கள் அன்பாகக் கூப்பிடுகிற மாதிரியே எழுதியிருக்க, அவர் பேசினார். பிரேக்கில் போனில் பார்த்தேன். சந்தேகப்பட்ட உங்களை நம்பவைத்தேன் என்கிறார்கள், அது உண்மை இல்லை, நம்பியது நீங்கள்தான், இனி நம்பாதே என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்றார். என்னை வரவேற்ற மாதிரியே புது மேனேஜரையும் வரவேற்கவேண்டும் என்றார். சொன்னதோடு நிற்காமல், அடுத்து வரப்போகிற ஆர்னே ஸ்லாட் பேரைத் தானே பாடத் தொடங்கினார். கூட்டமும் பாடியது. தனக்குப் பின்னால் வருகிறவர்மேல் யாருடைய கோபமும் விழாமல் பார்த்துக்கொண்டார். எனக்கு உடனே அந்தப் பழைய வார்டும், அங்கே புதிதாக வந்து எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாடிப்போன அந்த மேனேஜரும்தான் ஞாபகம் வந்தார்கள். அவருக்காக ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.

ஸ்லாட் முதல் சீசனிலேயே லீக் பட்டம் வாங்கினார். 2025 ஏப்ரல் 27, டோட்டனமை 5-1 என்று வென்ற அன்று மைக் அவர் கைக்கு வந்தது, அவர் க்ளோப் பேரைப் பாடினார். அதற்கு அடுத்த வாரம் எங்கள் அப்போதைய வார்டு மேனேஜர், தான் செப்டம்பரில் ஓய்வுபெறப்போவதாக ஹேண்டோவரில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்று ஒரு ஸ்டூடன்ட் நர்ஸ் கேட்க, அக்கா முந்திக்கொண்டு, இந்த ஊரில் அப்படித்தான் லவ், என்று அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிவிட்டு மருந்து டிராலியை எனக்காக நகர்த்திக் கொடுத்தார்.