டக்ளஸ் வம்சாவளி: மூன்றாவது சார்ட் தாள்

ஸ்காட்லாந்தின் டக்ளஸ் குடும்பத்துக்கு 1455 வரை வம்சாவளி வரைய உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு சார்ட் தாள் வீணாகி, மூன்றாவதில்தான் மரம் ஓரளவு நிற்கிறது. எங்கே தவறினேன் என்று எழுதி வைக்கிறேன், இதே குடும்பத்தைத் தொடுகிற இன்னொருவருக்கு உதவும்.

முதல் தாள் போனதற்குக் காரணம் பட்ட எண்கள். முதல் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) வில்லியம், 1358-ல் பட்டம் பெற்றவர். இரண்டாம் ஏர்ல் அவர் மகன் ஜேம்ஸ், 1388-ல் ஆட்டர்பர்ன் போரில் இறந்தார். மூன்றாம் ஏர்ல் ஆர்ச்சிபால்ட். அப்பா, மகன், பேரன் என்று நினைத்து நேராகக் கீழே கோடு இழுத்துவிட்டேன். அப்புறம் பிறந்த வருடங்களைக் குறிக்கும்போது பார்த்தால், ஆர்ச்சிபால்ட் அந்த இரண்டாம் ஏர்லைவிட வயதில் மிக மூத்தவர்!

ராபர்ட் புரூஸ் மன்னரின் இதயத்தைச் சுமந்து சென்று, 1330-ல் ஸ்பெயினின் தேபாவில் போரில் இறந்த சர் ஜேம்ஸ் டக்ளஸை நினைவிருக்கலாம். அவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன்தான் இந்த ஆர்ச்சிபால்ட். அதாவது முதல் ஏர்ல் வில்லியமுக்குப் பெரியப்பா மகன். சர் ஜேம்ஸின் முறையான மகன் 1333-ல் ஹாலிடன் ஹில் போரில் இறந்ததும், சொத்து சர் ஜேம்ஸின் தம்பியும் தேவாலயத்துக்காரருமான ஹியூவிடம் வந்தது. ஹியூ 1342-ல் ஒரு பத்திரம் எழுதினார். சொத்து உடன்பிறந்தவர் மகன் வில்லியமுக்கு, அதாவது பின்னாளில் முதல் ஏர்ல் ஆனவருக்கு. அவர் வழியில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் உறவினரான இன்னொரு வில்லியமுக்கு. அதுவும் இல்லையென்றால் ஆர்ச்சிபால்டுக்கு. 46 வருடம் கழித்து, இரண்டாம் ஏர்ல் இறந்ததும், அந்தக் கடைசிப் பெயர் பலித்தது. இந்தப் பத்திரத்தைப் புரிந்துகொண்ட நாள்தான் இந்த வேலையில் எனக்கு மிகச் சந்தோஷமான நாள். அன்றிலிருந்து இரத்த உறவுக்கு முழுக்கோடு, பட்டம் போன வழிக்குப் புள்ளிக்கோடு என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

இரண்டாவது தாள் 1440-ல் சிக்கியது. அந்த வருடம் நவம்பரில் பத்து வயது மன்னன் இரண்டாம் ஜேம்ஸ் இருந்த எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைத்து, ஆறாம் ஏர்ல் வில்லியமையும் தம்பி டேவிடையும் கொன்றார்கள். ஏர்ல் பட்டம் அவர்களுடைய தாத்தாவின் தம்பி, இன்னொரு ஜேம்ஸுக்குப் போனது. கேலோவே நிலம் மட்டும் இறந்தவர்களின் தங்கை மார்கரெட்டுக்கு. பிரிந்த சொத்தைச் சேர்க்க, அந்த ஜேம்ஸின் மகன் எட்டாம் ஏர்ல் வில்லியமுக்கே மார்கரெட்டை மணம் செய்துவைத்தார்கள். நம் முறைப்படி அவர் அவளுக்குச் சித்தப்பா, சுத்தமான பங்காளி வழி! எனக்குக் கை வரவில்லை, எங்கோ ஒரு தலைமுறையை விட்டுவிட்டேன் என்றே நினைத்து மூன்று முறை எண்ணினேன். தவறே இல்லை. நெருங்கிய உறவு என்பதால் அவர்களுக்கும் போப்பாண்டவரின் விலக்கு அனுமதி தேவைப்பட்டது. 1452-ல் ஸ்டர்லிங் கோட்டையில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரே வில்லியமைக் கத்தியால் குத்தினார். அப்புறம் மார்கரெட்டை வில்லியமின் தம்பி, ஒன்பதாம் ஏர்ல் ஜேம்ஸ் மணந்தார். ஒரே பெண்ணிடமிருந்து இரண்டு அண்ணன் தம்பிக்குக் கோடு. சின்ன வயதில் இவ்வளவையும் தாங்கிய அந்தப் பெண்ணின் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்திருக்கிறேன்.

இதுவரை சொன்ன மூன்றாம் ஏர்ல் வழியைக் கறுப்பு டக்ளஸ் என்பார்கள், ஆங்கஸ் ஏர்ல்களின் வழியைச் சிவப்பு டக்ளஸ் என்பார்கள். சிவப்பு டக்ளஸ் கிளை இவ்வளவு படுத்தவில்லை. முதல் ஏர்லுக்கும் ஆங்கஸ் கவுண்டஸுக்கும் (ஏர்லுக்கு நிகரான பெண் பட்டம்) பிறந்த ஜார்ஜிலிருந்து அது நேராக இறங்குகிறது. அவரும் அப்பாவின் முறையான மனைவி வழியில் வந்தவர் இல்லை என்பதால் ஓரத்தில் ஒரு குறி. கறுப்பு டக்ளஸ்கள் 1455-ல் வீழ்ந்தபின் டக்ளஸ் நிலம் இந்த ஆங்கஸ் வழிக்குத்தான் வந்தது.

ஒன்பதாம் ஏர்ல் ஜேம்ஸும் மோரே ஏர்ல் ஆர்ச்சிபால்டும் இரட்டையர். இருவருக்கும் ஒரே மட்டத்தில் இடம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையை மட்டும் அழித்து மறுபடி போட வேண்டும்.