காதுக்கு வாங்கப் போய் வாய்க்கு அலைந்த கதை

என் பழைய இயர்போனில் இடது பக்கம் ஏப்ரல் கடைசியில் செத்துப்போனது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 (சுருக்கமாக சிஎஸ் 2) என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவர்களுக்கு இதன் வலி புரியும். எதிரி எந்தப் பக்கம் நடந்து வந்தாலும் வலது பக்கம் வருவதாகவே கேட்கும். நான் வலது பக்கம் திரும்பி நின்றுகொண்டிருப்பேன், அவன் இடது பக்கமாக வந்து நிதானமாகச் சுட்டுவிட்டுப் போவான். மூன்று நாள் பொறுத்துப் பார்த்த பசங்க, "மச்சி, ஒண்ணு ஹெட்செட் வாங்கு, இல்ல ஆளை விடு" என்று சொல்லிவிட்டார்கள்.

பட்ஜெட் இரண்டாயிரம். அதற்கு மேல் போனால் வீட்டில் கேள்வி வரும். இருபத்தாறு வயதில் வேலைக்குப் போகிறவனுக்கும் வரும்.

முதலில் காசே செலவழிக்காமல் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். பாட்டு கேட்கும் ப்ளூடூத் பட்ஸ் கையில் இருந்தது. கம்ப்யூட்டரோடு இணைத்தேன், சத்தம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த பிறகு கொஞ்சம் தாமதமாகக் காதுக்கு வந்தது, சரி, பழகிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆடிக்கொண்டே பசங்களோடு பேசும் ஆப்பான டிஸ்கார்டில் மைக்கை ஆன் செய்ததும்தான் கூத்து. கேம் சத்தம் மொத்தமும் பழைய லேண்ட்லைன் ரிசீவரில் கேட்பது மாதிரி ஆகிவிட்டது. இடது வலது எல்லாம் போய், ரெண்டு காதிலும் ஒரே தகரச் சத்தம். பட்ஸ் ரிப்பேர் என்று நினைத்து இரண்டு ராத்திரி அதோடு மல்லுக்கட்டினேன். பிறகுதான் தெரிந்தது, பட்ஸ் மேல் தப்பே இல்லை. வழக்கமான ப்ளூடூத்தில் நல்ல ஸ்டீரியோ சத்தம் ஒரு வழிப் பாதை. மைக்கையும் திறந்தால் அது போன் பேசும் முறைக்கு மாறிவிடும், தரமும் அதற்கேற்ப இறங்கிவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் 'கேமிங் மோடு' தாமதத்தைக் குறைக்குமே தவிர இதைச் சரிசெய்யாது. கூடவே 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) வரும் ஒயர்லெஸ் செட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் உருப்படியானது எதுவும் என் இரண்டாயிரத்துக்குள் வரவில்லை. ஆக, ஒயர்தான்.

அடுத்து ஆன்லைன். ஆஃபரில் 1,499 ரூபாய்க்கு ஒன்று. 50 மி.மீ. டிரைவர் (காதுக்குள் சத்தம் போடும் குட்டி ஸ்பீக்கர்), 7.1 சரவுண்ட் (சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் வைத்த மாதிரி சத்தம்), ரெண்டு பக்கமும் கலர் கலராக லைட். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, இந்த விலையில் இதே அச்சில் பத்து கம்பெனி விற்கிறது. பெட்டியைப் பிரித்தால் ஒயர் முனையில் மூன்று பின்: 3.5 மி.மீ. ஜாக் இரண்டு, யுஎஸ்பி ஒன்று. யுஎஸ்பியை மட்டும் செருகிவிட்டு, கம்ப்யூட்டரில் புதிய ஸ்பீக்கர் காட்டும் என்று அரை மணி நேரம் அதற்கான டிரைவர் சாஃப்ட்வேரைத் தேடினேன். காட்டவே காட்டாது. அந்த யுஎஸ்பி லைட் எரிவதற்கு மட்டும்! தலையில் மாட்டிக்கொண்டால் எனக்கே தெரியாத லைட்டுக்கு ஒரு யுஎஸ்பி போர்ட் தண்டம். 7.1 எங்கே என்று கேட்காதீர்கள். உள்ளே இருப்பது காதுக்கு ஒரு டிரைவர், மொத்தம் இரண்டு. 7.1 என்பது அட்டைப் பெட்டியில் இருந்தது.

சத்தம் மோசம் என்று சொல்ல மாட்டேன். காலடிச் சத்தம் கேட்டது. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. "கிணத்துக்குள்ள இருந்து பேசுறியா?" என்றான் ஒருத்தன். விண்டோஸில் மைக் பூஸ்டை +20 டெசிபலுக்கு ஏற்றினேன். இப்போது என் குரலோடு சேர்ந்து சீலிங் ஃபேனும் பேசியது, பக்கத்து வீட்டுக் குக்கரும் பேசியது. "உங்க தெருவுல தண்ணி லாரி வந்துடுச்சு, போய்ப் பிடி" என்று கிண்டல் வேறு.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், ஏழு நாளுக்குள் மாற்றித் தருவார்கள், பணம் தர மாட்டார்கள். வாங்கும்போது விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. நான் பார்த்தது லைட்டை. பிக்கப்புக்கு வந்த தம்பி பெட்டியைத் திறந்து, "உள்ள பிளாஸ்டிக் டிரே இருக்கும்ல, அது எங்கண்ணா?" என்றான். அது முந்தின நாளே குப்பை வண்டியில் போயிருந்தது. கேன்சல். கஸ்டமர் கேரில் நாற்பது நிமிஷம் பேசி, டிரே இல்லாமல் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வைத்தேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. மாற்றி வந்த பீஸிலும் அதே கிணறு. கடைசியில் லைட்டைப் பார்த்து மயங்கிய சித்தி பையன் 800 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டான். அவன் தனியாக ஆடுகிறவன், பேச ஆள் இல்லை.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பெட்டி, டிரே, ஒயரைக் கட்டியிருக்கும் கம்பி வரை எல்லாவற்றையும் ரிட்டர்ன் தேதி முடியும்வரை பரண் மேல் போட்டு வையுங்கள். அம்மா திட்டினாலும் பரவாயில்லை.

இனி கையில் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவுக்குக் கிளம்பினேன். குரோம்பேட்டையில் ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோ மாறி, அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், தெருவே ஷட்டர் போட்டுக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன் இதை மறந்துபோய் வெயிலில் நின்றேன் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. மவுண்ட் ரோட்டில் ஒரு ரோஸ் மில்க் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவின் போனைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். என் போனில் ஹெட்போன் ஜாக்கே கிடையாது, அப்பாவின் பழைய போனில் உண்டு. அதில் ஒரு நிமிஷ கேம் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தேன்: ஒருத்தன் இடது பக்கமிருந்து பின்னால் சுற்றி வலது பக்கம் நடந்து போகிற சத்தம். இந்த மொத்தக் கதையிலும் நான் புத்திசாலித்தனமாகச் செய்தது இது ஒன்றுதான்.

முதல் மூன்று கடையில் பெட்டியைத் தொடவே விடவில்லை. "பிரிச்சா நீங்கதான் எடுத்துக்கணும் சார்." நான்காவது கடையில் பாய் ஒருவர், பெரியவர், டெமோ பீஸ் இரண்டு வெளியே வைத்திருந்தார். "போட்டுப் பாருங்க தம்பி, காது உங்களது" என்றார். இரண்டையும் போட்டுக் காலடிச் சத்தம் கேட்டேன். உண்மையைச் சொன்னால் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த விலையில் 40 மி.மீ., 50 மி.மீ. என்று அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒன்றில் பேஸ் அதிகம், குண்டு வெடித்தால் நன்றாக இருக்கும், ஆனால் அதற்குள் காலடிச் சத்தம் அமுங்கிவிடும். பேஸ் குறைந்ததை ஒதுக்கி வைத்தேன்.

பிறகு போனில் ரெக்கார்டரைத் திறந்து மைக்கில், "மச்சி, பி சைட்ல ரெண்டு பேரு" என்றேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போட்டுக் கேட்டேன், என் குரல் என் குரலாகவே இருந்தது. பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது. மீதிப் பாதி மூக்குக் கண்ணாடி. கண்ணாடி போட்டவர்களுக்கு ஹெட்செட் இறுகினால் பதினைந்து நிமிஷத்தில் காதுக்கு மேலே விண் விண் என்று வலிக்கும், ஒரு நிமிஷம் மாட்டிப் பார்த்தால் தெரியாது. அதனால் தலையில் மாட்டிக்கொண்டே பேரம் பேசினேன். ரிட்சி தெருவில் பேரம் எப்படியும் பத்து நிமிஷம் ஓடும், அதுவே டெஸ்ட்.

பில் இல்லாமல் 1,700. பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,006. அந்த ஆறு ரூபாயைக் கூட பாய் விடவில்லை. பில்லோடுதான் வாங்கினேன். ஒரு வருஷ வாரன்டியை கம்பெனிதான் தருகிறது, கடை தருவதில்லை. பில் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் போய் நின்றால் என்ன ஆகும் என்று கீபோர்டு விஷயத்தில் ஏற்கெனவே பட்டவன் நான்.

மாடல் பெயர் கேட்பீர்கள். இந்த விலையில் மாடல் மாறிக்கொண்டே இருக்கும், பெயரைவிட நான் எதைப் பார்த்து எடுத்தேன் என்பது உதவும்: எடை குறைவு, 32 ஓம் (எந்தப் போனும் கம்ப்யூட்டரும் சுலபமாக ஓட்டும், தனி ஆம்ப் வேண்டாம்), வாய்க்குப் பக்கம் வரும் நீள மைக், காதுப் பஞ்சின் மேல் துணி. கடைசியது முக்கியம். ரெக்சின் மாதிரி இருக்கும் பஞ்சு நம்ம ஊர் மே மாதத்தில் ஒரு மேட்ச் முடிவதற்குள் காதை வேக வைத்துவிடும், வியர்வை பட்டுப் பட்டு உரிந்து கருப்புப் பொடியாகக் கழுத்தில் ஒட்டும். அதற்கும் கோயம்புத்தூரில் இருக்கும் நண்பன் ஒரு வழி சொன்னான்: ஹெட்போனே வேண்டாம், மைக் வைத்த கேஇசட் கம்பெனி ஐஇஎம் (காதுக்குள் செருகும் இயர்போன்) ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், ஒயர் தனியாகக் கழன்று வரும், அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றலாம். நியாயமான யோசனைதான். எனக்குக் காதுக்குள் எதையும் அரை மணிக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் விட்டேன்.

வீட்டுக்கு வந்து செருகினால் சத்தம் பிரமாதம். மைக் சுத்தமாக இல்லை.

கடையில் போனில் பேசிய அதே மைக்! பாயைத் திட்டக் கிளம்பியவன், நல்லவேளை, ஜாக்கை உற்றுப் பார்த்தேன். கருப்பு வளையம் மூன்று. அதாவது நாலு பகுதி: இடது, வலது, எர்த், மைக். போனுக்கும் லேப்டாப்புக்கும் இது சரி, ஒரே ஓட்டையில் எல்லாம் போகும். என் டெஸ்க்டாப்பில் பச்சை தனி, பிங்க் தனி. பச்சையில் செருகினால் காது மட்டும் வேலை செய்யும், மைக் அந்தரத்தில் நிற்கும்.

ஸ்ப்ளிட்டர் வேண்டும். தெருமுனை மொபைல் கடையில் "ஸ்ப்ளிட்டர் இருக்கா?" என்றேன், 80 ரூபாய் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வந்து பார்த்தால் அதில் ஒரு ஜாக், இரண்டு ஓட்டை. ஒரே போனில் ரெண்டு பேர் பாட்டு கேட்பதற்கானது. எனக்கு வேண்டியது நேர் எதிர்: ஒரு ஓட்டை, இரண்டு ஜாக், ஒன்றில் ஹெட்போன் படம், இன்னொன்றில் மைக் படம். கடைக்காரரிடம் சொன்னால், "நீங்க ஸ்ப்ளிட்டர்னுதானே கேட்டீங்க?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டாராம்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது: யுஎஸ்பி சவுண்ட் கார்டு, விரல் நீளம், 350 ரூபாய். இதிலும் ஒரு பொறி உண்டு. பாதிக்கு மேல் இரண்டு ஓட்டையோடுதான் வரும், அதை வாங்கினால் மறுபடி ஸ்ப்ளிட்டர் தேட வேண்டும். ஒற்றை ஓட்டை, நாலு பகுதி ஜாக் எடுக்கும் என்று உறுதி செய்துகொண்டு வாங்கினேன். செருகினேன், மைக் வந்தது. எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் மவுஸை நகர்த்தினாலே காதில் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அது போயே போச்சு.

செட்டிங்கில் இரண்டே விஷயம். இதே மாதிரி இன்னொரு துப்பாக்கி கேமான வேலரன்ட்டில் ஆடியோ பகுதியில் ஹெச்ஆர்டிஎஃப் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்துவிட்டு, ஹெட்செட்டோடு வரும் 7.1, விண்டோஸ் சோனிக் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பக்கவாட்டில் வரும் சத்தம் ஒரு காதுக்கு முன்பும் இன்னொரு காதுக்கு ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு பின்பும் வந்து சேரும், காது மடலில் பட்டு மாறி வரும். இதைத்தான் கேமே கணக்குப் போட்டு இரண்டு டிரைவருக்கு அனுப்புகிறது. அதன் மேல் இன்னொரு சரவுண்டைப் போட்டால் கணக்கு மேல் கணக்கு, எதிரி முன்னால் இருக்கிறானா பின்னால் இருக்கிறானா என்றே தெரியாது. சிஎஸ் 2-இல் அந்தக் கணக்கு உள்ளேயே இருக்கிறது, சத்தத்தின் தன்மையை மாற்றும் இக்யூவில் 'கிரிஸ்ப்' எனக்குப் பிடித்தது. இரண்டாவது, டிஸ்கார்டில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் கிரிஸ்ப் நாய்ஸ் சப்ரஷனை ஆன் செய்யுங்கள் (பெயர் ஒன்றுபோல் இருக்கிறது, சம்பந்தம் இல்லை). குக்கர் விசிலை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். ஃபேன் காற்று நேராக மைக்கில் அடித்தால் மட்டும் அதாலும் முடியாது, மைக்குக்கு ஒரு பஞ்சுக் குல்லா போடுங்கள்.

கணக்கு: ஹெட்செட் 2,006, தப்பான ஒயர் 80, சவுண்ட் கார்டு 350, சித்தி பையனிடம் விட்ட நஷ்டம் 699. மொத்தம் 3,135, ரயில் டிக்கெட்டும் ரோஸ் மில்க்கும் நீங்கலாக.

இப்போது என் குரல் எல்லாருக்கும் கேட்கிறது. காது இரண்டும் மூடியிருப்பதால் எனக்கு மட்டும் கேட்பதில்லை, அதனால் கத்துகிறேனாம். நேற்று பதினொன்றரைக்கு அப்பா வந்து கதவைத் தட்டினார். அந்த 80 ரூபாய் ஒயரை மட்டும் அவர்தான் எடுத்து வைத்துக்கொண்டார். போன வாரம் கும்பகோணம் போகும்போது ரயிலில் அவரும் அம்மாவும் ஒரே போனில் ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு மாயவரம் வரைக்கும் பழைய பாட்டு கேட்டுக்கொண்டு போனார்களாம்.