என் காலில் நடந்த தோல் ஒட்டு ஆய்வு

லாரிச் சக்கரம் ஏறி இறங்கியதில் என் இடது முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து போயிருந்தது. புண்ணைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து, அடியில் நல்ல சிவப்புச் சதை வளர்ந்த பிறகுதான் தொடைத் தோலை எடுத்து ஒட்டலாம் என்றார்கள். அதற்கு முந்தைய நாள், பிளாஸ்டிக் சர்ஜரி மேற்படிப்பு படிக்கும் டாக்டர் ஒருவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, உங்க ரத்தத்துல இருந்தே தட்டணுக்களை, அதான் ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டைப் பிரிச்செடுத்து, புண்ணுல பாதி இடத்துக்குத் தடவிட்டு அதுமேல தோலை ஒட்டுவோம். மீதிப் பாதிக்கு வழக்கம்போல ஸ்டேப்ளர் பின் அடிச்சுப் பொருத்துவோம். எது நல்லா பிடிக்குதுன்னு பார்க்கணும். சம்மதமா?”

“நம்ம புள்ளைய வெச்சுப் பரிசோதனை பண்றாங்களா?” என்று மாமா கொதித்துவிட்டார். அவர் பயம் நியாயமானது. நான் படிவத்தை வாங்கி வரி வரியாகப் படித்தேன். நல்லவேளை, தமிழில் இருந்தது. நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் சிகிச்சையில் குறை வைக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மருந்து தடவுவது மேல்பாதியா கீழ்ப்பாதியா என்று யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டேன். ஒட்டிய உறைக்குள் சீட்டு இருக்கும், ஆபரேஷன் தியேட்டரில்தான் பிரிப்போம், நானே தேர்ந்தெடுக்க முடியாது என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டேன்.

ஒட்டிய தோலுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் சொந்த ரத்த ஓட்டமே கிடையாதாம். அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் அது உயிர் பிழைக்கிறது. அப்புறம்தான் புண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் தோலின் குழாய்களோடு இணைய ஆரம்பிக்கும். ரத்த ஓட்டம் நிலைக்க 5, 6 நாள் ஆகலாம். அதற்குள் அடியில் ரத்தம் கட்டினாலோ, கிருமி புகுந்தாலோ, தோல் கொஞ்சம் நகர்ந்தாலோ போச்சு. தட்டணுக்களில் புது ரத்தக் குழாய்களைத் தூண்டும் புரதங்கள் உண்டு. தோல் நகராமல் ஒட்டிக்கொள்ளவும் அவை உதவலாம் என்பதுதான் ஆய்வின் அடிப்படை.

முதுகில் ஊசி போட்டதால் தியேட்டரில் விழித்துத்தான் இருந்தேன். என் ரத்தத்தை ஊற்றி இயந்திரத்தில் சுழற்றிய சோதனைக் குழாயைக் காட்டச் சொன்னேன். அடியில் அடர் சிவப்பு, மேலே எலுமிச்சைப் பழ நிறத்தில் தெளிந்த நீர், நடுவே நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைப் படலம். தட்டணுக்கள் அந்தப் படலத்தை ஒட்டித்தான் நிறைய இருக்குமாம். உறையைப் பிரித்தார்கள், மருந்து மேல்பாதிக்கு என்று வந்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் வலிக்கும். எடுப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான், ஆனாலும் இரவெல்லாம் எரிந்தது. வலி மருந்தைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது ஆற இரண்டு வாரம் போல ஆகும்.

5-ம் நாள் கட்டுப் பிரித்தார்கள். சிஸ்டர் சலைனை ஊற்றி ஊற்றி, அடித்துணியை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். துணியோடு தோலும் வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேல்பாதி முழுக்க இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. கீழ்ப்பாதியும் பிடித்திருந்தது, கணுக்கால் பக்கம் மட்டும் ஓர் இடம் கறுத்திருந்தது, அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். அது தொடர்ந்து கட்டுப் போட்டே ஆறிவிட்டது. ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கும்போது சுருக் சுருக்கென்று குத்தும். மேல்பாதிக்கு அந்த வேலையே இல்லை.

இதை வைத்துத் தட்டணு மருந்துதான் உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். கணுக்கால் பக்கம் அசைவு அதிகம். அதனாலும் கெட்டிருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். நிறையப் பேரின் கால்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது அழுத்தக் காலுறை போட்டிருக்கிறேன். தோல் வறளாமல் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். வெயில் படாமல் மூடிக்கொள்கிறேன். செக்கப் போகும்போதெல்லாம் பக்கத்தில் அளவுகோல் வைத்து இரண்டு பாதியையும் படம் எடுக்கிறார்கள். ஆய்வு முடிந்ததும் முடிவை எனக்கும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். டாக்டர் என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.